நான் விழுங்கிய கேள்வி

வைத்தியசாலை மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும். ஆகவே தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

விதிகளெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. எங்கே இருப்பது, யாரைப் பார்த்துப் பேசுவது, நோயாளி 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றே சொல்வது, எல்லாம். அந்தக் கையேட்டை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எந்த விதியை எந்தப் பிழைக்குப் பிறகு கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் அதில் எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போது வேலையை விட்டாயிற்று, இனி வெட்கப்பட்டு என்ன காணப் போகிறேன்?

உங்களில் பாதிப்பேர் இங்கே பிறந்தவர்கள். அம்மா தமிழில் கேட்க டேனிஷில் பதில் சொல்லி வளர்ந்தவர்கள். உங்கள் டேனிஷைக் கேட்டால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆனால் நான் விட்ட பிழைக்கும் டேனிஷுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கியபடியால்தான் பிழை விட்டேன்.

அது எண்பதுகளின் கடைசி. எங்கள் ஆட்கள் தங்கள் குடும்பங்களை இங்கே அழைக்கப் போட்ட விண்ணப்பங்கள் அமைச்சில் அசையாமல் கிடந்த காலம். சட்டப்படி அவர்களுக்கு உரிமை இருந்தது. ஆனாலும் கோப்புகளைத் தொட வேண்டாம் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். பிறகு அது வெளியே வந்து, விசாரணையாகி, அரசாங்கமே வீட்டுக்குப் போனதைத் 'தமிழர் வழக்கு' என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அப்போது எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. இன்றைக்குத் தபால் வந்ததா, வரவில்லையா என்பதுதான் தெரியும்.

நான் குடியிருந்த அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து ஒரு மனநல வார்ட்டுக்கு மொழிபெயர்க்கப் போய்வந்தேன். அங்கே ஒரு டொக்டர். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், உயிரோடு இருந்திருந்தால் அவரும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், நல்ல உயரம், ஒரே பச்சைக் கம்பளிச் சட்டையை மூன்று நாளைக்குப் போடுவார். இருத்தலியல் என்கிற மெய்யியலை மனநோய்ச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று பிற்காலத்தில் மாநாடுகளில் அவரைத் தூக்கிவைத்துப் புகழ்ந்தார்கள். அந்தக் காலத்தில் அதே ஆட்கள்தான் சாப்பாட்டு அறையில் அவருக்குப் பின்னால் 'பாதிரியார்' என்று சொல்லிச் சிரித்தார்கள்.

மற்ற டொக்டர்மார் எத்தனை மணிக்கு நித்திரை, எத்தனை குளிசை என்று கேட்பார்கள். இவர் அதையும் கேட்பார். கேட்டுவிட்டு, 'காலையில் எதற்காக எழும்புகிறீர்கள்?' என்றும் கேட்பார். மனிதன் ஒருநாள் சாவான், அதுவரைக்கும் எப்படி வாழ்வது என்ற முடிவு அவனுடையது, அந்தப் பாரத்தை இன்னொருவர் தலைக்கு மாற்ற முடியாது. இதுதான் அவருடைய வைத்தியத்தின் சாரம். இதற்குப் புத்தகம் எதற்கு, எங்கள் ஊர்ச் சுடலையில் ஒரு மணித்தியாலம் நின்றால் போதுமே என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கூடுதலாகப் படித்தால் இப்படித்தான் விசர் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறேன்.

அந்த வார்ட்டுக்கு ஒருநாள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அருள் என்று வைத்துக்கொள்வோம். பெயரையும் சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இரகசியம் காப்போம் என்று நாம் எடுக்கிற சத்தியம் ஓய்வூதியத்தோடு முடிந்துவிடுவதில்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அருளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். யாழ்ப்பாணத்து ஆள். இஷொயில் ஒரு அறை வீட்டில் தனியே இருந்து, துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஊரில், ஒரு இராணுவ முகாமுக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்களுக்குப் போட்ட விண்ணப்பம் ஒரு வருடத்துக்கு மேலாகப் பதில் இல்லாமல் கிடந்தது. அருள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வேலையிடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியவந்தது.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? அப்பிளும் ஹோர்லிக்ஸும் கொண்டு வரிசையாக வந்தார்கள். வந்த எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "ஒண்டுக்கும் யோசியாதை, எல்லாரும் கெதியா வந்திடுவினம்." அருள் தலையை ஆட்டுவார். அவர்கள் போன பிறகு தாதிமார் அப்பிளை வெட்டிக் கொடுப்பார்கள். ஒரு துண்டும் உள்ளே போகாது.

டொக்டர் மூன்று தரம் அவரோடு இருந்து பேசினார். எதைக் கேட்டாலும் அருள், "ஒண்டுமில்லை" என்றார். ஒரு சொல்லை நான் எத்தனை விதமாக மொழிபெயர்ப்பது? நாலாவது தரம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு, டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு அமர்ந்து நேராகக் கேட்டார்.

"உங்கள் குடும்பம் வராமலே போனால், நீங்கள் எப்படி வாழ்வீர்கள்?"

பிள்ளைகளே, எனக்கு நாக்கு எழும்பவில்லை. எங்கள் வீடுகளில் இப்படிக் கேட்டால் "வாயைக் கழுவு" என்பார்கள். பிரயாணம் போகிற ஆளிடம் விபத்தைப் பற்றிக் கதைக்க மாட்டோம், பிள்ளைத்தாச்சியிடம் கெட்ட சேதி சொல்ல மாட்டோம். சொன்னால் பலித்துவிடும். ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருக்கிறது, இந்த மனுஷன் ஒரு கடிதத்துக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்து 'வராமலே போனால்' என்று நானா கேட்பது? வெள்ளைக்காரர் கேட்கலாம், அவர் வாய்க்குப் பலிக்காது. என் வாய் தமிழ் வாய்.

நான் இப்படிக் கேட்டேன். "குடும்பம் வந்து சேரும் மட்டும் நீங்கள் உங்களை எப்பிடிப் பாத்துக்கொள்ளுவியள் எண்டு கேக்கிறார், தம்பி."

அருள் முதல் தடவையாக ஒரு முழு வசனம் பேசினார். "நான் என்னைப் பாத்துக்கொள்ளுவன் அக்கா. அதிலை ஒரு பிரச்சினையும் இல்லை."

அந்தப் பதிலை நான் அச்சுப் பிசகாமல் டேனிஷில் சொன்னேன். 'நான் என்னைப் பார்த்துக்கொள்வேன். அதில் ஒரு பிரச்சினையும் இல்லை.' கேள்வி பொய், பதில் மெய், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. வெளியே நடைபாதையில் என்னோடு நடந்துவந்தபடி சொன்னார். "இன்று அவர் குடும்பம் வராது என்ற பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டார். பார்த்தும் வாழ்வேன் என்கிறார். வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்வரத் தாதியிடம் கேட்டிருந்தார். போகட்டும், அனுமதி எழுதிவிடுகிறேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முதல் பிழைக்கு எங்கள் வழக்கத்தைச் சாட்டலாம். இந்த இரண்டாவது பிழைக்குச் சாட்ட ஒன்றும் இல்லை, சுத்தமான பயம். வேலை போய்விடும், தமிழ்ச் சனத்துக்கு முன்னால் தலை குனிய வேண்டிவரும் என்ற பயம்.

வீட்டுக்குப் போகும் எஸ்-ரயிலில் இருந்துகொண்டு எனக்கு நானே வக்கீல் வேலை பார்த்தேன். மனுஷன் தானே சொன்னான், பார்த்துக்கொள்வேன் என்று. நல்ல வார்த்தைதானே சொன்னேன், நல்லதுதானே நடந்தது. இரண்டு நிலையம் போனது. மூன்றாவது நிலையத்தில்தான் மண்டையில் உறைத்தது. டொக்டர் நம்புகிற பதிலை அருள் சொல்லவே இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு இந்த உலகத்தில் இன்னும் பதிலே இல்லை. அந்தப் பதிலை நம்பி, சாப்பிடாத ஒரு மனுஷனைத் தனி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

இறங்கினேன். மேடையில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய் வார்ட்டுக்கு எடுத்தேன். அருள் அரை மணித்தியாலத்துக்கு முன்பே போய்விட்டார் என்றார்கள். டொக்டரைக் கேட்டேன். வந்தார். சுற்றிவளைக்கத் தெம்பு இல்லை.

"நீங்கள் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. வேறு கேள்வி கேட்டேன். அவர் பதில் சொன்னது அதற்குத்தான்."

கத்துவார், கத்தட்டும் என்று நின்றேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "எந்த நிலையத்தில் நிற்கிறீர்கள்?"

இருபது நிமிடத்தில் காரில் வந்து என்னை ஏற்றினார். இஷொய் போய்ச் சேரும் வரைக்கும் எனக்குத் தெரிந்த கடவுள்களையெல்லாம் கூப்பிட்டேன், வேதக்காரச் சிநேகிதியின் மாதாவையும் விடவில்லை.

மூன்றாம் மாடி. மணியை அடித்தோம். கதவு திறக்க நேரம் எடுத்தது. அப்படி ஒரு நேரம் யாருக்கும் வரக்கூடாது. திறந்தது. அருள் கையில் பேனையோடு நின்றார். கூப்பிட்ட கடவுள்களுக்கெல்லாம் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் எங்களைக் கண்டதும் அவர் முகம் செத்துவிட்டது. டொக்டரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தால் அந்தக் காலத்தில் வேறு என்ன அர்த்தம்?

"அக்கா... ஊரிலை ஏதும்...?"

"இல்லை இல்லை! ஊரிலை ஒண்டும் இல்லைத் தம்பி, எல்லாரும் சுகம். நான் ஒரு பிழை விட்டிட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்."

அருள் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு நடந்ததுதான் எங்கள் சனத்தின் அழகு. நாலு நாளாகத் தாதிமார் கரண்டியோடு கெஞ்சியும் வாய் திறக்காத அந்த மனுஷன், வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்று ஓடிப்போய்க் கேத்திலைப் போட்டார். தேநீர் வந்தது, ஒரு தட்டில் பிஸ்கட் வந்தது. தனக்கு ஒன்றும் எடுக்கவில்லை. டொக்டர் கோப்பையைத் தொடாமல் என்னிடம் மெல்லக் கேட்டார், "நான் குடிக்காவிட்டால் என்ன ஆகும்?"

"அவருக்கு அவமரியாதை," என்றேன்.

"அப்படியானால் சொல்லுங்கள். அவரும் சாப்பிட்டால்தான் நானும் சாப்பிடுவேன்."

இந்தத் தடவை சொல்லுக்குச் சொல் சொன்னேன். அருள் என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்பவா முடியும்? ஒரு பிஸ்கட்டை எடுத்து ஓரத்தைக் கடித்தார். டொக்டரும் கடித்தார். இரண்டு பேரும் தேநீரில் தோய்த்துத் தோய்த்து அரைத் தட்டை முடித்தார்கள். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது.

பிறகு டொக்டர் சொன்னார், "இப்போது கேளுங்கள்."

நான் முதலில் அருளிடம் மன்னிப்புக் கேட்டேன். வார்ட்டில் உண்மையாகக் கேட்கப்பட்டது வேறு என்று சொன்னேன். பிறகு கேட்டேன். "அவையள் வராமலே விட்டால், நீங்கள் எப்பிடி வாழுவியள்?"

கேட்டுவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. அருள் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "ஒரு வருசமா எல்லாரும் வருவினம் வருவினம் எண்டுதான் சொல்லுகினம். ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை அக்கா. நான் மட்டும்தான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

மேசையில் நீலக் கடிதத் தாள்கள் கசங்கிக் கிடந்தன. அவர் வீட்டுக்கு வந்தது மனைவிக்கு எழுதத்தான். எழுதமுடியவில்லை. எழும்பிப் போய் மனைவியின் கடைசிக் கடிதத்தை எடுத்துவந்து என்னிடம் தந்தார். நான் அதை வாசித்து டேனிஷில் சொன்னேன். 'அடுத்த மாதம் விசா வந்துவிடும் என்று நீங்கள் எழுதியதால் இந்த வீட்டிலேயே இருக்கிறோம். வன்னியில் உள்ள அண்ணா தன் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிக் கேட்டார், போகவில்லை. கொழும்பில் இருந்து விசாக் கடிதம் இந்த விலாசத்துக்குத்தானே வரும். சாமான் கட்டியாயிற்று. நேற்று முழுக்க வெடிச்சத்தம், பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே படுக்கிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டாம்.'

"அடுத்த மாசம், அடுத்த மாசம் எண்டு எழுதினது நான்தான்," என்றார் அருள். "அவள் பயப்பிடக்கூடாது எண்டு எழுதினனான். என்ரை கடிதத்தை நம்பித்தான் அதுகள் அந்த முகாமடியிலை கிடக்குதுகள். இனி எப்பிடி எனக்குச் சோறு இறங்கும்?"

டொக்டர் தன் வழக்கமான கேள்வியைப் போட்டார். "நீங்கள் என்ன விரும்புகிறீர்கள்?" நான் அப்படியே சொன்னேன். அருள் விழித்தார். டொக்டர் இரண்டாம் தரமும் கேட்டார். அருளின் முகம் பழையபடி மூடத் தொடங்கியது. எனக்குக் காரணம் தெரிந்தது. நான் என்ன விரும்புகிறேன் என்று தனக்காக யோசித்து அந்த மனுஷன் எத்தனை வருடமோ! கேள்வியைக் கொஞ்சம் வளைத்துக் கேட்டால் வேலை முடிந்துவிடும் என்று நாக்கு மறுபடியும் துருதுருத்தது.

இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். நான் வளைக்கவில்லை. டொக்டரைப் பார்த்து டேனிஷில், "ஒரு நிமிடம், இப்போது பேசுவது நான், மொழிபெயர்ப்பு இல்லை," என்றேன். அருளிடமும் அதையே தமிழில் சொன்னேன். பிறகு டொக்டரிடம், "இவரை இவருக்காகக் கேட்டால் பதில் வராது. மனைவிக்கு எது தெரியவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்," என்றேன்.

முன்னோடி என்று பெயரெடுத்த ஒரு டொக்டருக்கு மொழிபெயர்க்க வந்தவள் பாடம் எடுக்கிறாள் என்று அவர் கோபித்திருக்கலாம். அவர் தாடையைத் தடவினார். பிறகு அருளைப் பார்த்துக் கேட்டார், "உங்கள் மனைவிக்கு எது தெரியவேண்டும்?"

அருள் உடனே சொன்னார். "எப்ப வருமெண்டு எனக்கே தெரியாது எண்டது தெரியவேணும். அவள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு தமையன் வீட்டை போகவேணும்."

"எழுதுங்கள்," என்றார் டொக்டர்.

நாலு வரி எழுத ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. டொக்டரே தபால் பெட்டியில் போட்டார். அன்று அருள் தானாகவே எங்களோடு காரில் ஏறி வார்ட்டுக்குத் திரும்பினார். இரவுச் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டார் என்று தாதி சொன்னாள்.

அவரை உள்ளே விட்ட பிறகு, நாளையிலிருந்து வேறு ஆளைப் பாருங்கள் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். "பிழையில் பாதி என்னுடையது. எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது, அதனால்தான் அவ்வளவு கெதியில் நம்பினேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள்." நடந்த முழுவதையும், அவருடைய பிழையையும் என்னுடைய பிழையையும், நோயாளியின் கோப்பில் தன் கையால் எழுதி வைத்தார். அப்படி எழுதிய இன்னொரு டொக்டரை நான் பிறகு காணவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு ஊரில் இருந்து பதில் வந்தது. 'அண்ணா வீட்டுக்கு வந்துவிட்டோம். மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. நீங்கள் சாப்பிடுங்கள்.' அருள் அதை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். அந்த மாதமே வார்ட்டை விட்டு வேலைக்குத் திரும்பினார்.

கோப்புகள் ஒருவழியாக அசைந்தன. அருளின் குடும்பமும் வந்து சேர்ந்தது. நோயாளி நம் பொறுப்பை விட்டுப் போன பிறகும் அவர் வீட்டில் சாப்பிடப் போவது சரியா என்று கையேட்டைப் புரட்டாதீர்கள். அப்போது கையேடு இல்லை, நான் போனேன்.

மனைவி மெலிந்த பெண், நறுக்கென்ற பேச்சு. கறியை அள்ளிப் போட்டபடி கேட்டாள், "அந்தக் கேள்வியைக் கேட்டது நீங்களாமே அக்கா? இவர் சொன்னவர்."

அருள் எல்லாவற்றையும் சொல்லவில்லை என்று விளங்கியது. நல்ல பெயரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ஓம், ஆனா ரெண்டாந்தரம்தான் கேட்டனான்," என்றேன். "முதல் தரம் விழுங்கிப்போட்டன். கேட்டால் பலிச்சிடும் எண்டு பயந்திட்டன்."

அகப்பை அந்தரத்தில் நின்றது. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அருளை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கத்தில் அமர்ந்தாள்.

"நானும்தான் அக்கா. சாமான் கட்டியாச்சு எண்டு எழுதினனான் எல்லோ, ஒரு சாமானும் கட்டேல்லை. விசா வராது எண்டு எனக்கு எப்பவோ விளங்கியிட்டுது. அண்ணை வீட்டை போனால், நான் நம்பிக்கையை விட்டிட்டன் எண்டு இவர் இஞ்சை உடைஞ்சு போயிடுவார். அதுக்குத்தான் அந்த வெடிச்சத்தத்துக்குள்ளை பிள்ளையளை வைச்சுக்கொண்டு இருந்தனான். தெரியாது எண்டு இவர் எழுதின கடிதம் வந்த அண்டைக்குத்தான் நிம்மதியா நித்திரை கொண்டனான்."

அருளுக்கும் அன்றுதான் தெரியவந்தது. பக்கத்து அறையில் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழும்பி அவருக்கு இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டாள், அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.